நெஞ்சு நோயாளரும் நமது சங்கங்களும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பேணும் ‘உழைச்செல்வான்’ என்பன அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி நாட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. மருத்துவமனை கட்டப் பெறுகிறது. மருத்துவர் நியமிக்கப் பெறுகிறார். மருந்தும் வந்து சேருகிறது. நான்காமவரைக் குறித்து மட்டும் எவரும் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. மனைவியோ மருமகளோ மூத்த மகளோ அந்தப் பணியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று அரசாங்கமும் நினைக்கிறது, ஊரும் நினைக்கிறது, நமது சங்கங்களும் நினைக்கின்றன. இருதய நோய், நுரையீரல் நோய் ஆகிய இரண்டையும் பொறுத்த வரையில் இந்த நினைப்பு உயிர்ச்சேதம் விளைவிப்பது என்பதும், அதனைத் திருத்தத்தக்க ஸ்தாபனம் கூட்டுறவுச் சங்கமே என்பதும் நமது அபிப்பிராயம்.

கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலையேறினால் கரியாலூரும் வெள்ளிமலையும் வருகின்றன. இவை சாலையோரத்து ஊர்கள். சாலையை விட்டு விலகிக் காட்டிற்குள் கிடக்கும் குக்கிராமங்கள் பல. 1976ஆம் ஆண்டு வரையில் ஜாகிர்தார்களின் கைக்குள் இருந்த மலை இது. பின்னர் வந்த வசதிகளை மறுப்பதற்கில்லை. 2008இல் 108 ஊர்தி தமிழகத்தில் ஓடத் தொடங்கிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரியில் மாவட்டத்திற்கென அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப் பெற்றது. மலைமீதே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. ஆயினும் மலைமக்களின் சாலை, மருத்துவம், கல்வி வசதிகள் குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து, செய்ய வேண்டியது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது விளங்கும்.

சாலை வரட்டும், வரவேண்டும். ஆனால் சாலையாலும் தீராத ஒரு விஷயம் உண்டு. இருதயம் தளர்ந்த ஒருவர் ஆண்டில் பத்து நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். மீதியுள்ள 355 நாளும் அவர் இருப்பது தமது குடிசையில். அந்தப் பத்து நாளில் மருத்துவர் செய்த நன்மை நிலைப்பதும் கெடுவதும் இந்த 355 நாளில்தான். எலும்பு முறிந்தவர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் எலும்பு கூடிவிடுகிறது. நெஞ்சு நோய் அத்தகையதன்று. அது வீட்டிற்கும் கூடவே வருகிறது.

இருதயமும் நுரையீரலும் தனித்தனி உறுப்புகளாயினும் ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியம். நுரையீரல் நெடுநாள் பழுதுபட்டால் அதனுள் ஓடும் இரத்தக் குழாய்கள் குறுகுகின்றன. குறுகிய குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்பாகம் பருத்துப் பின்னர் சோர்ந்துவிடுகிறது. சோர்ந்ததும் கால் வீங்குகிறது, வயிறு உப்புகிறது. ‘காலில் நீர் கோத்துக்கொண்டது’ என்று கிராமத்தில் சொல்லப்படுவதில் ஒரு பகுதி, மார்பில் தொடங்கிய நோயே. பர்மாவில் 1917இல் பிறந்து தில்லியில் நெடுங்காலம் பணியாற்றிய இருதய மருத்துவர் எஸ். பத்மாவதி, இந்நோயுற்ற 127 பேரைத் தில்லியில் ஆராய்ந்து, சக மருத்துவர் ஒருவருடன் 1959இல் கட்டுரை வெளியிட்டார். புகைபிடிக்கும் வழக்கமில்லாத பெண்களிடமும் இந்நோய் மிகுந்திருப்பதைக் கண்டு, ஐயத்தை அடுப்புப் புகையின் மேல் திருப்பியவர்களுள் அவர் முன்னோடி. ஆறு தசாப்தங்களுக்கு மேலாகியும் மலைக் குடிசைகளில் அந்த அடுப்பு அப்படியே புகைந்துகொண்டிருக்கிறது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்புப் பெற்ற வீடுகள் உண்டெனினும், தீர்ந்த உருளையைச் சுமந்து சென்று மாற்றி வருவது எளிதன்று. களி கிண்டவும் வெந்நீர் வைக்கவும் விறகே துணை. அடுப்பிற்கு மேலுள்ள பரணில் கிடக்கும் விதைக்குப் புகை நல்லதாகவே இருக்கலாம். கீழே படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு அது ஆகாது.

நெசவாளர்களும் இதனை மலையாரின் விஷயம் என்று தள்ளிவிடலாகாது. தறிக்குழியின் ஈரமும், காற்று நுழையாத தறிவீடும், ஒரே அறையில் தறியும் அடுப்பும் படுக்கையும் இருக்கும் நிலையும் சமவெளியில் இன்றும் உண்டு. காசநோய் நெசவாளர் தெருக்களுக்குப் புதியது என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இனிப் பணிவிடை என்பது யாது என்று பார்ப்போம். பழம் பிழிந்து கொடுப்பதும் விசிறுவதும் தலையைத் தடவுவதும் அன்பின் அடையாளங்கள், அவை வேண்டும். ஆனால் நெஞ்சு நோயாளிக்குச் செய்யும் பணிவிடையின் சாரம் கவனித்துக் குறித்தல். மருத்துவர் மாதத்திற்கொரு முறை காண்பதை வீட்டிலிருப்பவர் தினமும் காண்கிறார். கண்டதைச் சொல்லத் தெரிந்தால் அவரே மருத்துவரின் கண்.

இருதயத் தளர்ச்சியில் முதற் குறிப்பு எடை. உடலில் தங்கிவிடும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையாகும். கால் வீங்கி மூச்சு முட்டுவதற்குச் சில நாள் முன்னரே எடை ஏறத் தொடங்கிவிடும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், ஆகாரம் உண்ணுமுன், ஒரே அளவான உடையுடன் தினமும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவிக்க வேண்டும். வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கலாகாது. அடுத்தது, இரவு. நேற்று வரை ஒரு தலையணையில் உறங்கியவர் இன்று இரண்டு வைக்கச் சொல்கிறார். நாளை உட்கார்ந்தே விடியவிடியக் கழிக்கிறார். இது வயோதிகத்தின் தூக்கக் குறைவன்று. நுரையீரலில் நீர் ஏறுகிறது என்பதற்கு அடையாளம். அப்போது அவரைப் படுக்கச் சொல்லி வற்புறுத்தாமல், முதுகுக்குச் சாக்குமூட்டையோ சுருட்டிய பாயோ முட்டுக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, உதவிக்கு ஆளனுப்ப வேண்டும்.

நீர் பிரிக்கும் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதனை உண்டால் அடிக்கடி வெளியே போக நேரிடுகிறதென்று, சந்தைக்கும் கூலிக்கும் செல்லும் நாளில் விட்டுவிடுவோர் அநேகர். வீட்டில் கழிப்பிடமில்லாத பெண்கள் இருட்டும் வரை அஞ்சி மாத்திரையையே ஒதுக்குகின்றனர். இதனைச் சோம்பேறித்தனம் என்று கடிந்துகொள்வதில் பிரயோஜனமில்லை. வேளையை மாற்றிக்கொள்ள இடமுண்டா என்று மருத்துவரைக் கேட்டு வரச் செய்வதே பணிவிடை. உப்பும் அவ்வாறே. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. அந்த ஐந்து கிராமையும் ஒரு துண்டு கருவாடும் ஒரு கீற்று ஊறுகாயும் பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும். களிக்குக் கீரை கடைந்து புளியும் பூண்டும் மிளகும் சேர்த்துக் கொடுத்தால் உப்பின்மை அவ்வளவாகத் தோன்றாது என்பது நாம் பல வீடுகளில் கேட்டறிந்தது.

நுரையீரல் இளைப்புக்கு வேறு முறைகள் உண்டு. இளைப்பு வந்ததும் முன்புறம் சாய்ந்து இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார வேண்டும். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைக்க ஊதுவது போல உதடுகளைக் குவித்து மெல்ல வெளிவிட வேண்டும். இழுக்கும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் விட வேண்டும். இதனைச் சுகமாக இருக்கும் நாளிலேயே பழக்கிவைக்க வேண்டும். திணறும்போது கற்பிக்க முடியாது. மருத்துவர் தரும் இன்ஹேலரைப் பலர் வாயில் வைத்து அழுத்தி, மருந்தை நாக்கிலேயே விட்டுவிட்டு, ‘இது பிடிக்கவில்லை’ என்கின்றனர். இடையில் ஒரு குழல் வைத்து இழுத்தால் மருந்து மார்புக்குள் செல்லும். விலை கொடுத்து அக்குழலை வாங்க இயலாதவர்க்கு, அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் அடியில் துளையிட்டுச் செய்ததும் ஏறத்தாழ அதே பயனைத் தருகிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் குழந்தைகளிடம் சோதித்து 1999இல் வெளியிட்டனர். செய்யும் விதத்தைச் செவிலியர் ஒருவர் ஒருமுறை காட்டித்தர வேண்டும், அவ்வளவே. ஆக்சிஜனைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. மிகுந்தால் மிகுந்த நன்மை என்று. நாட்பட்ட இளைப்பு நோயாளருக்கு அளவு மீறிய ஆக்சிஜன் மயக்கத்தையும் ஆபத்தையும் உண்டாக்கும். மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் திருகியைத் திருப்பலாகாது. அருகில் அடுப்போ பீடியோ இருக்கவும் கூடாது.

எல்லாவற்றிற்கும் பொதுவான ஒரு கருவி, கடிகாரம். ஓய்வாக இருக்கும் நோயாளியின் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை உயர்ந்து தாழ்கிறதென்று, அவருக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். தெரிந்தால் மூச்சின் கதி மாறிவிடும். 12 முதல் 20 வரை இயல்பு. 24க்கு மேல் போனால் கவலைக்குரியது. உதடு நீலம் பாய்வது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமற் போவது, காரணமின்றி அயர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, வியர்வையோடு கூடிய மார்வலி இவற்றில் எது கண்டாலும் குறிப்பேட்டை மூடிவிட்டு ஊர்தியைக் கூப்பிட வேண்டும். மார்வலிக்கு முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலுமே கொடுத்தனுப்ப 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் தொடங்கப் பெற்றது. அதனை நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

சிறுவர்களையும் மறத்தலாகாது. தொண்டைப்புண் வந்து, பின்னர் மூட்டு வீங்கி, அதன் பின் இருதய வால்வு கெடும் வாதக் காய்ச்சல், நெருக்கமான வறிய வீடுகளின் நோய். ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொரு முறை பென்சிலின் ஊசி ஆண்டுக்கணக்கில் போடவேண்டும். பிள்ளை நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போது ஊசிக்கு அழைத்துச் செல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. அறுவடைக் காலத்தில் நாளும் நினைவிராது. அந்தத் தேதியை நினைவூட்ட ஓர் ஆள் இருந்தால் பின்னாளில் ஒரு வால்வு அறுவை சிகிச்சை மிச்சமாகும்.

இவ்வளவும் வீட்டிலே நடக்குமா, மருத்துவமனையில் நடப்பதற்கு ஈடாகுமா என்ற ஐயம் நியாயமானதே. இவ்வையத்திற்கு விடை நமது மாகாணத்திலேயே கண்டறியப் பெற்றது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய்ச் சானடோரியம் தொடங்கிய காலத்தில், நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, இரவுபகல் செவிலியர் பணிவிடை இவையே சிகிச்சை என்ற கொள்கை நிலவிற்று. படுக்கைகளோ சில, நோயாளரோ பல்லாயிரவர். மருந்துகள் வந்தபின், சென்னையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னை அரசாங்கமும் கூடி ஒரு நிலையத்தை நிறுவின. வறிய நோயாளரை இரு சாராராகப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியில் வாழ்ந்தனர், குறைவாக உண்டனர், வேலைக்கும் போயினர். 1959இல் வெளிவந்த முடிவு உலகையே வியக்க வைத்தது. குணமானவர் தொகையில் இரு சாராருக்குமிடையே பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலுள்ள மற்றவர்க்கு நோய் தொற்றுவதும் அதனால் அதிகப்படவில்லை. அந்நிலையம் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இதைக் கொண்டு, ‘பார்த்தீர்களா, மருந்து போதும், பணிவிடை வேண்டாம்’ என்று வாதிப்பார் உளர். அவர்கள் அந்த ஆய்வு நடந்த விதத்தைப் பார்க்கத் தவறுகின்றனர். வீட்டிலிருந்தவர்களை எவரும் கைவிட்டுவிடவில்லை. அவர்கள் மருந்து வாங்கக் குறித்த நாளில் வரவேண்டும். வராவிடில் ஆள் தேடிப் போகும். முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே சென்றதா என்று பார்ப்பார்கள். சானடோரியத்தின் கட்டிலையும் பாலையும் முட்டையையும் விட்டுவிட்டு, அதன் கண்காணிப்பை மட்டும் வீட்டிற்குக் கொண்டுபோனார்கள் என்பதே பொருள். கட்டிடம் இல்லாமல் முடியும். கவனிப்பு இல்லாமல் முடியாது. அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2022இல் தமிழகத்தில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டவுடன் சுகாதாரப் பணியாளரே பார்க்கத்தக்க சில குறிகளை வைத்து ஆபத்திலுள்ளவரைப் பிரித்தெடுக்கிறது. உயரத்திற்கேற்ற எடை மிகக் குறைந்திருத்தல், கால்வீக்கம், நிமிடத்திற்கு 24க்கு மேற்பட்ட மூச்சு, 94 விழுக்காட்டிற்குக் குறைந்த ஆக்சிஜன், துணையின்றி நிற்க இயலாமை என்பன அவை. எக்ஸ்ரே இல்லை, பெரிய இயந்திரம் இல்லை. ஒரு தராசு, ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் ஒரு சிறு அளவி. (அந்த அளவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. குளிர்ந்த விரலில் அது தடுமாறும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. ஆளைப் பார்த்தபின் எண்ணைப் பார்க்க வேண்டும்.)

அப்படியானால் பார்ப்பவர் யார்? இங்குதான் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலுக்கு வருகிறோம். கல்வராயன் மலைக்கு அண்டையிலுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிற்கு, காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் வந்தனர். கூரைக் கொட்டகையில் தொடங்கினர். வெளியூரிலிருந்து செவிலியரை எதிர்பார்க்காமல், உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தனர். வெளியிலிருந்து வருபவர் மாற்றலாகிப் போய்விடுவார். மலையில் பிறந்த பெண் மலையிலேயே இருப்பாள், எந்த வீட்டில் யார் இருமுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவத்தோடு நில்லாமல் இயற்கை வேளாண்மை செய்வோர் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்கென ‘போர்கை’ என்ற அமைப்பும் உண்டாயின என்பதை விளைவிப்போரும் நெய்வோருமாகிய நம் வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கு மருத்துவத்திலிருந்து சங்கம் பிறந்தது. இங்கு சங்கம் ஏற்கெனவே இருக்கிறது.

ஜப்பானில் இதன் மறுதிசையைக் காணலாம். நாகனோ மாநிலத்தில் சாக்கு மத்திய மருத்துவமனை விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பின் மருத்துவமனை. அங்கு 1945இல் சேர்ந்த டாக்டர் தொஷிகாசு வகாத்சுக்கி, குடியானவர்கள் நோயை மறைத்துப் பொறுத்துக்கொண்டே வயலில் உழைப்பதைக் கண்டு, மருத்துவமனையை விட்டுக் கிராமங்களுக்குப் போனார். 1959இல் யாச்சிஹோ என்னும் கிராமம் முழுவதற்கும் ஆண்டுதோறும் உடற்சோதனை தொடங்கி, அதனை ஏட்டில் பதிந்துவரச் செய்தார். 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவருக்குப் பின்னால் நின்றது கூட்டுறவு.

பொறுத்துக்கொண்டே உழைப்பது நம் நாட்டிற்கும் புதிதன்று. ஆய்வின்போது தவணை தவறிய கடன்களின் பட்டியலை நாம் பார்க்கிறோம். கடனாளியின் பெயருக்கு எதிரே மழைபொய்த்தது, விலை வீழ்ந்தது என்றெல்லாம் காரணம் எழுதப்பட்டிருக்கும். விசாரித்துக்கொண்டு போனால் சில வீடுகளில் காரணம் வேறு. கணவர் ஓராண்டாக மண்வெட்டியைத் தொடவில்லை. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். மனைவி அவரைப் பார்ப்பதா, மரவள்ளிக்குக் களையெடுப்பதா? வெள்ளாடு விற்கப்பட்டது, பின்னர் காதிலிருந்ததும் விற்கப்பட்டது. ஒருவர் நோயுறும்போது இரண்டு பேரின் கூலி நின்றுபோகிறது என்ற எளிய கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நாமும் ‘தொடர் நடவடிக்கை தேவை’ என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த பேரேட்டைப் புரட்டுகிறோம். நடவடிக்கை என்றால் அறிவிக்கை அனுப்புவது என்று மட்டும் பொருளில்லை.

சங்கம் மருத்துவமனையாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ‘உரமும் நூலும் கடனும் கொடுப்பதே பெரும்பாடு; இதையும் தலையில் கட்டுகிறார்களே’ என்று செயலாளர்கள் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. ஆனால் சங்கத்திடம் இப்போதே இருப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். முத்திரையிட்ட தராசு இருக்கிறது; மரவள்ளியை நிறுக்கும் அதே மேடைத் தராசில் மனிதரும் நிற்கலாம். ஒவ்வொரு குக்கிராமத்திலும் அங்கத்தினர் இருக்கின்றனர். மாதந்தவறாமல் நியாயவிலைப் பண்டம் வாங்கவாவது ஒவ்வொரு வீட்டாரும் வருகின்றனர். கணக்கெழுதும் பழக்கம் இருக்கிறது. இந்த நான்கும் ஒருசேர வேறெந்த ஸ்தாபனத்திடமும் மலையில் இல்லை. அரசாங்கம் 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, பெண் தன்னார்வலர் மூலம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டிற்கே அனுப்பியது. 2025 பிப்ரவரியில் ‘முதல்வர் மருந்தகம்’ என்ற பெயரில் ஆயிரம் கடைகள் திறக்கப்பட்டபோது அவற்றுள் பலவற்றை ஏற்றவை கூட்டுறவுச் சங்கங்களே. மருந்தை விற்கலாம் என்றால், மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று கேட்பதும் நம் வேலையே.

ஆகையால் நாம் கேட்பது பெரிதன்று. குக்கிராமத்திற்கு இருவரை, கூடுமானவரை பெண்களை, அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து தேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரும் செவிலியரும் சில நாள் பயிற்சி கொடுக்கச் சம்மதம் பெற வேண்டும். இவர்கள் மருந்து கொடுக்கமாட்டார்கள், ஊசி போடமாட்டார்கள், வைத்தியம் சொல்லமாட்டார்கள். இதில் கண்டிப்பு வேண்டும். வாரம் ஒருமுறை நோயாளி வீட்டிற்குச் சென்று எடை, வீக்கம், மூச்சு, மருந்து ஆகியவற்றைக் குறித்து, மாற்றம் கண்டால் செவிலியருக்குத் தெரிவிப்பார்கள். அன்று இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகிலிருந்து, வீட்டுக்காரப் பெண் ஆற்றுக்கோ சந்தைக்கோ போய்வர விடுவிப்பார்கள். இந்த இரண்டு மணி நேரத்தை யாரும் அற்பமாக எண்ண வேண்டாம். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி, பின்னர் மலப்புறத்தில் அயலார் கூட்டமைப்பாக வளர்ந்த வலிதணிப்புப் பணி, வாரத்தில் சில மணி நேரம் தரும் சாதாரண மக்களைக் கொண்டே நடந்தது. அது கண்டு கேரள அரசாங்கம் 2008இல் தனிக்கொள்கையே வகுத்தது.

பணம்? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நிகர இலாபத்தில் பொது நல நிதிக்கும் இடம் தந்திருக்கிறது. அந்நிதி பல சங்கங்களில் விழாவுக்கும் மலர்மாலைக்கும் போவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு விரல் அளவியும் ஒரு சாய்வுப் படுக்கைச் சட்டமும் வாங்கி இரவல் கொடுக்க அது போதும். கொஞ்சம் வசதியுள்ள சங்கம் ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்றையும் வாங்கி வைக்கலாம், மின்சாரம் தடைப்படும் ஊரென்றால் அதனையும் யோசித்தே வாங்க வேண்டும். இலாபமே காணாத சங்கம் என்ன செய்யும் என்றால், அளவி இல்லாமலே தொடங்கும். தராசுக்கும் குறிப்பேட்டுக்கும் செலவு ஏது? தணிக்கையில் ஆட்சேபம் வருமே என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். பேரவையின் தீர்மானமும் முறையான செலவுச்சீட்டும் இருப்பின் அஞ்சத் தேவையில்லை. ஆட்சேபம் எழுதும் வேலையில் இருக்கிற நாமே இதைச் சொல்கிறோம். நோயுற்ற அங்கத்தினரின் கடன் தவணையை, மருத்துவரின் சான்று பெற்று, விதிகள் இடங்கொடுக்கும் அளவுக்கு நீட்டிப்பதும் இத்துடன் சேர்ந்ததே. நெசவாளர் சங்கங்களில், குணமாகி வருபவருக்கு அரை மணி நேரம் நெய்து அரை மணி நேரம் ஓய்வெடுக்கத்தக்க இலேசான பாவும், நூல் சுற்றும் வேலையும் ஒதுக்கலாம். தறிக்கு முழுதும் திரும்பும் நாளை மருத்துவர் சொல்லட்டும். மிதியடியின் பாரம் மார்பைச் சோதிக்கும்.

குறிப்பேட்டின் பக்கத்திற்கு ஐந்து கட்டங்கள் போதும். தேதி, எடை, கால்வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, மருந்து. எழுதத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதும். இளைப்பு நோயாளருக்குக் கொடிய மாதம் மார்கழி. மலையில் அப்போது பனியோடு புகையும் தாழ்ந்து கிடக்கும், கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பருகே குளிர்காய்வார்கள். ஆதலின் ஆள் தேர்வும் பயிற்சியும் ஐப்பசிக்குள் முடிந்து, குறிப்பேடுகள் கார்த்திகைப் பண்டம் வழங்கும் நாளில் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்து வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதனைச் சேர்க்க விரும்பும் சங்கங்கள், முதலில் தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்டு பேசிவிட்டுத் தீர்மானத்தை எழுதுவது நலம்.